டிரம்மிலோ தொட்டியிலோ குடியேறிய தேனீக்களைப் பெட்டிக்கு மாற்றுவது எப்படி?

பழைய பிளாஸ்டிக் டிரம், கவிழ்த்து வைத்த பூந்தொட்டி, தண்ணீர் மீட்டர் பெட்டி, பெயின்ட் வாளி, மண்பானை என எதுவானாலும் சரி. உள்ளே இருட்டாக, மழை படாமல், சின்னதாக ஒரு வாசலும் இருந்தால் தேனீக்களுக்கு அது வீடுதான். அப்படி ஒரு கூடு கண்ணில் பட்டதும் பலருக்கு இரண்டே யோசனைதான் வரும்: மருந்தடித்துக் கொன்றுவிடுவது, அல்லது தேனைப் பிழிந்துகொண்டு அடையைத் தூக்கி எறிவது. இரண்டும் வேண்டாம். ராணியோடும் குஞ்சுகளோடும் மொத்தக் கூட்டத்தையும் உயிரோடு ஒரு தேனீப் பெட்டிக்கு மாற்றிவிடலாம். ஒரு நாள் வேலை, அதற்குப் பிறகு சில வாரக் கவனிப்பு, அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் காப்பாற்ற வேண்டியது தேனை அல்ல, புழு அடையை. முட்டை, புழு, கூட்டுப்புழு இருக்கும் அடை சேதமில்லாமல் பெட்டிக்குள் போய்விட்டால் தேனீக்கள் அதை விட்டு எளிதில் கிளம்பாது. ராணிக்கே ஏதாவது ஆகிவிட்டாலும், அந்த அடையிலுள்ள இளம் புழுவிலிருந்து இன்னொரு ராணியை அவை வளர்த்துக்கொள்ளும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் சந்தேகம் வந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: புழு அடைக்கு எது நல்லது?

மாற்றத்தான் வேண்டுமா?

யாரும் நடமாடாத ஒரு மூலையில் அந்த டிரம் கிடக்கிறது, யாருக்கும் தொந்தரவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. அவை அங்கே நன்றாகத்தான் வாழ்கின்றன. ஆள் நடமாடும் இடம், பிள்ளைகள் விளையாடும் இடம், அந்தப் பாத்திரத்தையே அகற்றியாக வேண்டிய நிலை, அல்லது முறையாகத் தேனீ வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மாற்றலாம். இடத்தின் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேனீக்களைப் பிடிப்பது, வளர்ப்பது பற்றி உங்கள் பகுதியில் விதிகள் இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது ஏற்கெனவே பூச்சிமருந்து அடித்தார்களா என்றும் விசாரியுங்கள். அடித்திருந்தால் அந்த அடையும் தேனும் எதற்கும் உதவாது.

அடுத்து, இருப்பது எந்தத் தேனீ? திறந்த வெளியில் கிளையிலோ பாறையிலோ ஒரே ஒரு அடை மட்டும் தொங்கினால் அது கொம்புத் தேனீ அல்லது மலைத்தேனீ. இவை பெட்டிக்குள் தங்காது, முயலவே வேண்டாம். மலைத்தேனீ கூட்டமாகத் துரத்திக் கொட்டும் என்பதால் அதன் பக்கமே போகக் கூடாது. இருட்டறைக்குள் பல அடைகளைப் பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டுக் கட்டும் இந்தியத் தேனீயும் (அடுக்குத் தேனீ என்பது இதைத்தான்) இத்தாலியத் தேனீயும்தான் பெட்டிக்கு ஏற்றவை. உடம்பில் ரோமம் இல்லாமல் வழவழவென்று, இடை ஒடுங்கி, காகிதம் போன்ற கூடு கட்டியிருந்தால் அது குளவி. கொசு அளவே இருக்கும், கொட்டாத கொசுத்தேனீயை மாற்றும் முறை வேறு. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

வாசலில் சிறிது நேரம் நின்று பாருங்கள். கால்களில் மஞ்சள் உருண்டையாக மகரந்தம் சுமந்து தேனீக்கள் உள்ளே போகின்றன என்றால், பெரும்பாலும் உள்ளே புழு இருக்கிறது, ராணி முட்டையிடுகிறது. புதிதாக வந்து இறங்கிய கூட்டமாக இருந்தால் வேலை இன்னும் எளிது. அடை இருக்காது, இருந்தாலும் உள்ளங்கை அளவு வெள்ளை மெழுகுதான் இருக்கும். கொத்தாகத் தொங்கும் தேனீக்களை அப்படியே பெட்டிக்குள் உதறிவிடலாம்.

உங்கள் உடம்பு முதலில்

தேனீ கொட்டி ஏற்கெனவே உடம்பெல்லாம் தடித்தது, மூச்சுத் திணறியது, மயக்கம் வந்தது என்றால் இந்த வேலையை வேறு ஒருவரிடம் விட்டுவிடுங்கள். அது உயிருக்கே ஆபத்து. இதுவரை கொட்டு வாங்காதவர்களும் தனியாகப் போக வேண்டாம். அனுபவமுள்ள ஒருவர் கூட இருந்தால் மிகவும் நல்லது. இல்லையென்றாலும் உதவிக்கு ஓர் ஆள், கையில் போன், பக்கத்து மருத்துவமனை எங்கே என்ற விவரம் இவை மூன்றும் இருக்க வேண்டும்.

முகவலை கட்டாயம். வெளிர் நிறத்தில் தளர்வான முழுக்கைச் சட்டை, கையுறை, பேன்ட்டின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் திணித்துக்கொள்வது. கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். எடுக்கும் முறையைவிட வேகம்தான் முக்கியம். கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழ மணம் வரும். மற்ற தேனீக்களை வரவழைக்கும் எச்சரிக்கை மணம் அது. அந்த இடத்தில் புகை காட்டிவிடுங்கள்.

நேரமும் பொருளும்

பூக்கள் நிறையப் பூத்திருக்கும் பருவமாகப் பாருங்கள். பஞ்ச காலத்தில் மாற்றினால் கூட்டம் மீண்டு வரத் தீனி இருக்காது. பக்கத்துத் தேனீக்களும் தேனைக் கொள்ளையடிக்க வந்துவிடும். மழை, குளிர், பலத்த காற்று உள்ள நாள் வேண்டாம். புழுக்களுக்கு 34, 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், அடை வெளியே கிடந்தால் அது குறைந்துவிடும். உச்சி வெயிலும் ஆகாது, ஏனென்றால் சூட்டில் மெழுகு குழைந்து அடை கையிலேயே ஒடியும். இதமான காலையில் தொடங்கி, இருட்டுவதற்கு வெகுநேரம் முன்பே முடிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

தேனீக்கள் அடை கட்டுவதற்கான மரச்சட்டங்களோடு கூடிய தேனீப் பெட்டி ஒன்று வேண்டும். இந்தியத் தேனீக்குச் சின்னப் பெட்டி, இத்தாலியத் தேனீக்குப் பெரியது. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். 1851ஆம் ஆண்டு லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கர் தேனீப் பெட்டியில் ஓர் இடைவெளியைக் கண்டுகொண்டார். ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை நடைபாதையாகவே வைத்துக்கொள்ளும். அதைவிடக் குறைந்தால் பிசினால் அடைக்கும், கூடினால் அடை கட்டிவிடும். இன்றைய பெட்டிகளின் சட்டங்கள் இந்த அளவில்தான் நிற்கின்றன. அதனால் கைக்குத் தோன்றியபடி செய்த பெட்டி வேண்டாம்.

அப்புறம், புகைப்பான். எரிக்கச் சணல் சாக்குத் துண்டோ காய்ந்த இலையோ போதும். நீளமான மெல்லிய கத்தி, அடையை வைத்து வெட்ட ஒரு பலகை, மென்மையான தூரிகை அல்லது இறகு, மூடியுள்ள இரண்டு வாளிகள், ஒரு வாளித் தண்ணீர், கை துடைக்கத் துணி. அடையைச் சட்டத்தில் கட்ட அகலமான ரப்பர் பேண்ட் அல்லது பருத்தி நூல். நைலான் நூல் வேண்டாம், தேனீக்களின் கால் சிக்கிக்கொள்ளும். பருத்தி நூலையும் ரப்பரையும் வேலை முடிந்தபின் அவையே கடித்து அறுத்து வாசலுக்கு வெளியே தள்ளிவிடும். ராணி கிடைத்தால் அடைத்து வைக்க ஒரு சின்னக் கூண்டு. காற்றுத் துளை போட்ட காலித் தீப்பெட்டியும் போதும்.

பெட்டியை எங்கே வைப்பது

வெளியே மேயப் போன தேனீக்கள் வாசல் இருந்த இடத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும். பெட்டியின் நிறம் மாறினால் பரவாயில்லை, இடம் சில அடி மாறினாலே திண்டாடிப் போகும். ஆகவே டிரம்மைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திவிட்டு, டிரம்மின் வாசல் எங்கே, எந்த உயரத்தில், எந்தத் திசை பார்த்து இருந்ததோ அங்கேயே பெட்டியின் வாசல் வரும்படி வையுங்கள். டிரம்மை நகர்த்தும்போது குலுக்காதீர்கள். மண்ணில் புதைந்த மீட்டர் பெட்டி என்றால் அதன் மேலேயே ஒரு பலகை போட்டுத் தேனீப் பெட்டியை வைக்கலாம்.

திறப்பது

வாசலில் இரண்டு மூன்று முறை மெதுவாகப் புகை காட்டிவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். புகை வெள்ளையாக, குளிர்ந்து இருக்க வேண்டும். முதலில் உங்கள் கையில் ஊதிப் பாருங்கள், சுட்டால் தேனீக்களையும் சுடும். புகை எச்சரிக்கை மணத்தை மறைத்துவிடும். தேனீக்களும் தேனைக் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்வதில் இறங்கிவிடும். நிறையப் புகை போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். கூட்டம் கலைந்து ராணி எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளும்.

இனிமேல்தான் கவனம். மூடியை அரை அங்குலம் மட்டும் தூக்கி, டார்ச் அடித்து அடைகள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்று பாருங்கள். அடைகள் பெரும்பாலும் மூடியிலோ கூரையிலோ ஒட்டித் தொங்கும். பக்கச் சுவரிலும் ஒட்டியிருக்கலாம். பக்கச் சுவரில் ஒட்டியதைக் கத்தியை உள்ளே விட்டு முதலில் அறுத்துவிடுங்கள். பிறகு மூடியை அடைகள் ஓடும் திசையிலேயே சாய்த்துத் தூக்க வேண்டும். குறுக்கே சாய்த்தீர்களானால், தேனும் புழுவும் நிறைந்த அடைகள் தம் பாரம் தாங்காமல் மடிந்து ஒன்றன் மேல் ஒன்று விழும். நடுவில் இருக்கும் தேனீக்கள் நசுங்கும், அதில் ராணியும் இருக்கலாம். மாற்றும் வேலையில் கூட்டம் அழிவதற்கு இந்த ஒரு நொடி போதும். ஆகவே அவசரப்படாமல், இருவர் பிடித்துத் தூக்குங்கள்.

அடையை வெட்டிக் கட்டுவது

ஓரத்து அடையிலிருந்து தொடங்குங்கள். அது பெரும்பாலும் தேன் அடையாக இருக்கும். அதிலுள்ள தேனீக்களைப் பெட்டிக்குள் தூரிகையால் தள்ளிவிட்டு, அடையை வாளியில் போட்டு உடனே மூடுங்கள். தேன் ஒழுகினால் எறும்பு வரும், வேறு கூட்டத்துத் தேனீக்களும் வரும், ஒழுகும் தேனில் நம் தேனீக்களே மூழ்கிச் சாகும். கையும் கத்தியும் பிசுபிசுத்தால் அவ்வப்போது தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள். புதிய தேன் அடையைச் சட்டத்தில் கட்டிப் பெட்டியில் வைக்க ஆசையாக இருக்கும். பாரத்தில் அது அறுந்து விழும், வைக்காதீர்கள்.

ஓரம் தாண்டினால் புழு அடை. அதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்: அறைகளின் மெழுகு மூடி வெள்ளையாக, சற்றே ஈரமாகத் தெரிந்தால் உள்ளே இருப்பது தேன். பழுப்பு நிறத்தில் தட்டையாக, வறண்டு தெரிவது வேலைக்காரத் தேனீயின் கூட்டுப்புழு. மேடாகப் புடைத்திருப்பது ஆண் தேனீ அறை. மூடாத அறைகளை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் அடியில் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுவும், இன்னும் கூர்ந்து பார்த்தால் அறையின் அடியில் நட்டுக்குத்தாக நிற்கும், ஒன்றரை மில்லிமீட்டர் நீள முட்டையும் தெரியும். அடையின் ஓரத்தில் நிலக்கடலை போலத் தொங்குவது ராணி அறை. அது கண்ணில் பட்டால் நசுக்காமல் அந்த அடையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

புழு அடையின் மேல் ஓரத்தைக் கத்தியால் அறுக்கும்போது இன்னொரு கை அடியில் தாங்கியிருக்க வேண்டும். தேனீக்களைத் தூரிகையால் பெட்டிக்குள் தள்ளியபின் அடையைப் பலகையில் படுக்க வையுங்கள். வெறும் சட்டத்தை அதன் மேல் வைத்து, சட்டத்துக்குள் அடங்கும் அளவுக்கு அடையை வெட்டுங்கள். மேல் விளிம்பு நேராக இருக்கட்டும், சட்டத்தின் மேல்கட்டையோடு ஒட்டி உட்கார வேண்டும். அங்கேதான் தேனீக்கள் மெழுகு வைத்து ஒட்டும். மேலே தேன் பட்டை அகலமாக இருந்தால் அதைக் கழித்துவிட்டுப் புழுப் பகுதியை மேலே ஏற்றிவிடுங்கள். மூன்று அல்லது நான்கு ரப்பர் பேண்டுகளை மேலிருந்து கீழாகச் சுற்றிப் போடுங்கள். சட்டத்தைத் தூக்கும்போது அடை ஆடக் கூடாது.

இதில் ஒரு விதி மாறவே கூடாது: கூட்டில் மேலே இருந்த பக்கம் சட்டத்திலும் மேலேயே இருக்க வேண்டும். அறைகள் படுக்கை மட்டத்தில் இல்லை, வாய்ப்பக்கம் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். தலைகீழாகக் கட்டினால் தேன் வெளியே வழியும். வெட்டியதும் மேல் விளிம்பில் ஒரு குச்சியைக் குத்திவைத்தால் குழப்பம் வராது.

கட்டிய சட்டத்தை உடனுக்குடன் பெட்டியின் நடுவில் வையுங்கள். கூட்டில் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசை. புழு அடைகள் எல்லாம் நடுவில் சேர்ந்தே இருக்கட்டும். இடையில் வெற்றுச் சட்டத்தைச் செருகினால் சூடு பிரிந்து புழு இறக்கும். புழு இல்லாத பழைய கறுத்த அடையைக் கழித்துவிடுங்கள். ஆண் தேனீ அறைகளே நிறைந்த அடையும் தேவையில்லை.

புழு இருக்கும் அறைகளின் மூடி குழிந்து, எண்ணெய் பிசுக்கோடு கறுத்து, குச்சியால் குத்தி இழுத்தால் உள்ளே இருப்பது பசை நூலாக நீண்டு வந்து, கெட்ட வாடையும் அடித்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அது கடுமையான புழு அழுகல் நோயாக இருக்கலாம். விவரம் தெரிந்தவரைக் கேட்காமல் எதையும் இடம் மாற்ற வேண்டாம். நோய் இல்லை என்றே தோன்றினாலும், எங்கிருந்தோ எடுத்த தேனை உங்கள் வேறு கூட்டங்களுக்கு ஊட்டாதீர்கள்.

ராணி

புதியவர்கள் ராணியைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். அடைகள் குளிர்ந்துகொண்டிருக்கும்போது அப்படித் தேடுவது சரியல்ல. கண்ணில் பட்டால் நல்லது: மற்றவற்றைவிட நீளமான வயிறு, அதன் முழு நீளத்தையும் மூடாத இறகு, வெளிச்சம் பட்டால் இருட்டைப் பார்த்து ஓடும் நடை. பட்டதும் மெல்லக் கூண்டில் விட்டு, பெட்டிக்குள் இரண்டு புழு அடைகளுக்கு நடுவில் வைத்துவிடுங்கள். நாளைக்குத் திறந்துவிடலாம்.

கிடைக்கவில்லையா? அடைகள் எல்லாம் எடுத்தபின் டிரம்மின் மூலையில் தேனீக்கள் கொத்தாகத் திரண்டிருக்கும். பெரும்பாலும் ராணி அதில்தான் இருக்கும். அந்தக் கொத்தைக் கிண்ணத்தால் அள்ளிப் பெட்டிக்குள் சட்டங்களின் மேல் கொட்டுங்கள். பிறகு மூடியைப் போட்டுவிட்டு வாசலைப் பாருங்கள். சில தேனீக்கள் தலையைத் தாழ்த்தி, வயிற்றை உயர்த்தி, நின்ற இடத்திலேயே இறகை அடித்துக்கொண்டிருக்கும். வயிற்று நுனியிலுள்ள சுரப்பியிலிருந்து “இங்கே வா” என்ற மணத்தைப் பரப்புகின்றன. மற்றவை வரிசை கட்டி உள்ளே நடந்துபோகும். அதைப் பார்த்துவிட்டால் ராணி உள்ளே போய்விட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். எல்லாம் திரும்ப டிரம்முக்கே போய் மொய்த்தால் ராணி இன்னும் அங்கேதான். மறுபடி அள்ளிப் போடுங்கள்.

வாய் குறுகிய பானை என்றால்

உள்ளே கை போகாத பானையிலும் குடத்திலும் வேறு வழி உண்டு. தேனீக்கள் கலக்கம் வந்தால் மேலே, இருட்டை நோக்கி ஏறும். அடைகள் ஒட்டியிருக்கும் பக்கத்தைக் கவனித்து, அவை மடியாதபடி பானையை மெதுவாகத் திருப்பி வாய் மேலே வரும்படி வையுங்கள். அதன் மேல் காலிப் பெட்டியைப் பொருத்தி, சந்துகளைத் துணியால் அடைத்து, பானையின் இரு பக்கத்தையும் உள்ளங்கையால் சீராகத் தட்டிக்கொண்டே இருங்கள். பத்து, இருபது நிமிடத்தில் பெரும்பகுதி மேலே ஏறிவிடும். பிறகு பானையை உடைத்துப் புழு அடைகளை எடுத்துக் கட்டலாம். தட்டி ஏற்றியதோடு நிறுத்திவிட்டுப் புழு அடையைப் பானையிலேயே விட்டால், கூட்டம் பெட்டியில் தங்காது.

அன்று மாலை

பெட்டியை இருட்டும்வரை அங்கேயே விடுங்கள். வெளியே போனவை வந்து சேரும். டிரம்மைக் கண்ணில் படாத தூரத்துக்கு எடுத்துப்போய், மெழுகைச் சுரண்டி, கழுவி, ஓட்டையை அடைத்துவிடுங்கள். மெழுகு வாடை இருக்கும்வரை நம் தேனீக்களும் அங்கே சுற்றும், அடுத்த பருவத்தில் வேறொரு கூட்டமும் வந்து குடியேறும்.

வாசலை ஒரு அங்குலம் மட்டும் விட்டுக் குறுக்குங்கள். பெட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கரைத்த பாகை, பொழுது சாய்ந்தபின், பெட்டிக்கு உள்ளேதான் வைக்க வேண்டும். மேலே குச்சிகளைப் போடுங்கள், இல்லையென்றால் பாகில் விழுந்து சாகும்.

இந்தியத் தேனீ மிரண்டால் கூட்டை விட்டே கிளம்பிவிடும். அதற்காக வாசலில் ராணி தடுப்புத் தகடு ஒன்றை மூன்று முதல் ஐந்து நாள் வைக்கலாம்; வேலைக்காரத் தேனீ போய்வரும், ராணி வெளியேற முடியாது. அதற்கு மேல் வைக்காதீர்கள். ஆண் தேனீக்கள் உள்ளே சிக்கி வாசலை அடைக்கும். உள்ளே இருப்பது இணைசேராத புது ராணி என்றால் அதன் பறப்பும் நின்றுபோகும்.

பெட்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோவதானால் குறைந்தது ஒரு வாரமாவது பொறுங்கள், அடைகள் சட்டத்தில் ஒட்டட்டும். பிறகு இரவில் வாசலைக் காற்றுப் போகும் வலையால் மூடி, மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள். அதைவிடக் குறைந்த தூரம் என்றால் பலவும் பழைய இடத்துக்கே பறந்துபோகும். வண்டியில் ஏற்றும்போது சட்டங்கள் வண்டி ஓடும் திசையிலேயே இருக்கட்டும். பிரேக் போட்டாலும் அடை ஆடாது.

அடுத்த சில வாரம்

ராணியைக் கூண்டில் வைத்திருந்தால் மறுநாள் அதைத் திறந்துவிடுவதைத் தவிர, முதல் நான்கு நாள் பெட்டியைத் திறக்காதீர்கள். எட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வாசலில் மகரந்தம் போகிறதா என்று மட்டும் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் மெதுவாகத் திறந்து முட்டை தேடுங்கள். முட்டை மூன்று நாளில் புழுவாகிவிடும் என்பதால், இப்போது முட்டை தெரிந்தால் அது பெட்டிக்கு வந்தபின் ராணி இட்டதுதான். முட்டை இல்லாமல் புதிதாக ராணி அறைகள் தொங்கினால் பழைய ராணி போய்விட்டது, புதிதாக வளர்த்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தொடாமல் விடுங்கள். புது ராணி வெளிவந்து, இணைசேர்ந்து, முட்டையிட மூன்று, நான்கு வாரம் ஆகும். முட்டையும் இல்லை, ராணி அறையும் இல்லை என்றால் வேறு கூட்டத்திலிருந்து முட்டையுள்ள ஒரு சட்டத்தைக் கொடுங்கள், அல்லது ராணியுள்ள கூட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

அடிப்பலகையில் உதிர்ந்த மெழுகை வாரம் ஒருமுறை துடைத்து எடுங்கள், மெழுகு அந்துப்பூச்சி அங்கேதான் தொடங்கும். தேனீக்கள் மூடியிராத அடைகளும் அதற்கு இரையாகும், அவற்றை வெளியே எடுத்துவிடலாம். இரண்டு வாரத்தில் அடைகள் மேல்கட்டையோடு ஒட்டியிருக்கும். அறுபடாமல் மிஞ்சிய ரப்பரையும் நூலையும் வெட்டி எடுங்கள். மூன்று வாரம் ஆகும்போது நீங்கள் மாற்றிக் கட்டிய அடைகளிலிருந்து புதுத் தேனீக்கள் வெளிவந்திருக்கும், கூட்டம் கண்ணுக்குத் தெரியப் பெருகத் தொடங்கும். அவை வெற்றுச் சட்டங்களில் தாமே நேராக அடை கட்ட ஆரம்பித்ததும் பாகை நிறுத்துங்கள். கோணல்மாணலாக இருக்கும் பழைய அடைகளைச் சிறிது சிறிதாக ஓரத்துக்குத் தள்ளி, புழு காலியானதும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதுச் சட்டம் வையுங்கள்.

வாளியில் எடுத்து வைத்த தேனில் மூடியிட்ட அடையை மட்டும் வடிகட்டி நீங்கள் பயன்படுத்தலாம். மூடாத தேனில் நீர் அதிகம், புளித்துவிடும். பெட்டியிலிருந்து தேன் எடுப்பதை இந்தப் பருவத்துக்கு மறந்துவிடுங்கள். புழு வளரும் கீழ்த்தட்டு முழுக்க அடை கட்டி, தேன் சேர்க்கும் மேல்தட்டும் நிரம்பினால் அடுத்த பூப்பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம்.